கீறலுக்கு முன் மூன்று நிமிடம்: தியேட்டருக்குப் புதியவர்களுக்கு ஆன்டிசெப்டிக் வழிகாட்டி

மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கத்து ஆஸ்பத்திரிகளிலும் புதிதாக வேலைக்குச் சேரும் ஸ்டாஃப் நர்ஸ், தியேட்டர் டெக்னீஷியன், ஹவுஸ் சர்ஜன் ஆகியோருக்காக எழுதியது இது. சேர்ந்த முதல் வாரத்தில் எல்லாரும் கேட்பது, "பெட்டாடின் நல்லதா, குளோர்ஹெக்சிடின் நல்லதா?" என்பதுதான். அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியவை மூன்று. பூசுவதற்கு முன் தோல் சுத்தமாக இருந்ததா? பாட்டில் எப்போது திறந்தது? பூசியதைக் காயவிட்டார்களா?

மருந்துச் சண்டையை முதலில் முடித்துவிடலாம். 2010-இல் அமெரிக்காவில் 849 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் பூசியவர்களில் 9.5 சதவீதத்தினருக்கும், தண்ணீரில் கரைத்த போவிடோன் அயோடின் (நாம் பெட்டாடின் என்பது இதைத்தான்) பூசியவர்களில் 16.1 சதவீதத்தினருக்கும் தொற்று வந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2016-இல் ஆல்கஹால் குளோர்ஹெக்சிடினையே பரிந்துரைத்தது. ஆனால் 2021-இல் லான்செட்டில் வந்த ஃபால்கன் ஆய்வு, இந்தியா உட்பட ஏழு நாடுகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வயிற்று அறுவை நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டபோது, சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எனவே ஆல்கஹால் குளோர்ஹெக்சிடின் கையில் இருந்தால், காயமில்லாத தோலுக்கு அதையே எடுங்கள். ஸ்டோரில் 10% பெட்டாடின் மட்டும்தான் இருக்கிறதா? ஒழுங்காகப் பூசினால் அதுவும் வேலை செய்யும். எந்த மருந்தானாலும் பூசுகிற விதத்தில் கோட்டை விட்டால் பலன் இல்லை.

கீறிய இடத்தில் முப்பது நாளுக்குள் வரும் தொற்று அறுவைத் தொற்றுக் கணக்கில் சேரும். உள்ளே பிளேட், செயற்கை மூட்டு போல ஏதாவது வைத்திருந்தால் கணக்கு 90 நாள். அதாவது நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்குப் போய், வயல் வேலைக்கே திரும்பிய பிறகும் நம் கணக்கு முடியாது.

முந்தின நாள்: குளியல், கயிறு, முடி

ஆன்டிசெப்டிக் அழுக்கை எடுக்காது. அழுக்கு, எண்ணெய், ரத்தம், சீழ் எது இருந்தாலும் மருந்தின் வீரியம் அதிலேயே செலவாகிவிடும். போவிடோன் அயோடினுக்கு இது இரட்டிப்பு உண்மை. ரத்தமோ சீழோ பட்டால் அயோடின் அதோடு சேர்ந்து முடங்கிப் போகும். பழுப்பு நிறம் வெளிறினால் அயோடின் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அதனால் முந்தின இரவும் அன்று காலையும் சோப்புப் போட்டுக் குளியல். விலை கூடிய மருந்து சோப்பு கட்டாயமில்லை, சாதாரண சோப்பு போதும். தொப்புள், தொடையிடுக்கு, அக்குள், மார்பகத்துக்கு அடியில், வயிற்று மடிப்பு ஆகிய இடங்களைப் பெயர் சொல்லியே சொல்லுங்கள். "குளிச்சிட்டு வாங்க" என்று பொதுவாகச் சொன்னால் இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். சோப்பை நன்றாக அலசச் சொல்லுங்கள். தோலில் தங்கும் சோப்பு குளோர்ஹெக்சிடினைச் செயலிழக்கச் செய்யும். குளித்த பிறகு துவைத்த துணி. எண்ணெய், பவுடர், மஞ்சள், சந்தனம், விபூதி எதுவும் கூடாது. தலையில் மல்லிகைச் சரம் இருந்தால் வார்டிலேயே எடுத்துவிட வேண்டும், தியேட்டர் வாசல் வரை வரக்கூடாது. விரல் நகத்தில் மருதாணி இருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டருக்கு வேறு இடம் பார்ப்பார்.

நம் பக்கத்தில் அதிகம் தவறவிடுவது அரைஞாண் கயிறு. வருஷக் கணக்காக வியர்வையும் அழுக்கும் ஊறிய நூல், அதுவும் அடிவயிற்றுக் கீறல் விழுகிற இடத்திலேயே கிடக்கும். டேபிளில் ஏற்றிய பிறகு கத்தரியை எடுத்து நறுக்கினால் குடும்பத்தார் மனம் நோகும். முந்தின நாளே மரியாதையாகக் கேளுங்கள்: "ஐயா, இந்தக் கயித்தை நீங்களே அவுத்து அம்மாகிட்ட குடுத்திருங்க. தையல் பிரிச்சதும் புதுசா கட்டிக்கிடலாம்." இப்படிக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. தாயத்து, மெட்டி, மூக்குத்திக்கும் இதே வழிதான். தாலியைக் கழற்ற முடியாது என்று ஒரு அம்மா உறுதியாகச் சொன்னால் வாதாட வேண்டாம். கீறல் எங்கே என்று பார்த்து, சர்ஜனிடமும் மயக்க மருந்து டாக்டரிடமும் சொல்லி முடிவு எடுங்கள்.

முடியைப் பொறுத்தவரை வார்டுகளில் "பார்ட் பிரிபரேஷன்" என்றாலே பிளேடு என்று ஆகிவிட்டது. அதை விட வேண்டும். பிளேடு தோலில் கண்ணுக்குத் தெரியாத வெட்டுகளைப் போடும். இரவு முழுக்க அதில் கிருமி பெருகி, காலையில் நாம் அதன்மேல் மருந்து பூசுவோம். முடி இடைஞ்சலாக இல்லை என்றால் தொடவே வேண்டாம். எடுத்தே ஆக வேண்டும் என்றால் கிளிப்பர். அதையும் ஆபரேஷனுக்குச் சற்று முன்னால், தியேட்டருக்கு வெளியே வைத்து எடுங்கள். கிளிப்பரின் தலைப் பகுதி ஆளுக்கு ஒன்றாக இருக்க வேண்டும்.

பாட்டிலைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே

கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் மருந்திலேயே கிருமி வளரும் என்பதைப் புதியவர்கள் நம்ப மறுப்பார்கள். சாவ்லான் என்று நாம் சொல்லும் செட்ரிமைடு-குளோர்ஹெக்சிடின் கலவையைத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி நாள் கணக்கில் வைத்தால் சூடோமோனாஸ், பர்க்ஹோல்டேரியா போன்ற கிருமிகள் அதில் சௌகரியமாக வாழும். போவிடோன் அயோடினிலேயே சூடோமோனாஸ் கண்டுபிடிக்கப்பட்டதும் உண்டு. ஆல்கஹால் வித்துநிலைக் கிருமிகளை (ஸ்போர், கெட்டி ஓட்டுக்குள் உறங்கும் நிலை) கொல்லாது.

ஆகவே சில பழக்கங்களை முதல் நாளிலிருந்தே பிடித்துக்கொள்ளுங்கள். பாட்டில் திறந்ததும் தேதி, நேரம், கையெழுத்து. மீதி இருக்கும் பாட்டிலில் புதியதை ஊற்றி நிரப்புவது கூடவே கூடாது, அடியில் கிடக்கும் பழசுதான் விதை நெல். ஐந்து லிட்டர் கேன் வாங்கி சின்ன பாட்டிலில் பிரிப்பதைவிட 100 மில்லி பாட்டில்களாக வாங்கினால் கணக்கில் கொஞ்சம் கூடுதல் செலவு தெரியும், ஒரு சீழ் பிடித்த கேஸை மறுபடி தியேட்டருக்கு ஏற்றும் செலவோடு பார்த்தால் ஒன்றுமில்லை. தண்ணீர் சேர்த்துக் கலக்கியது எதுவானாலும் அன்றைக்கே தீர்க்க வேண்டும், மிஞ்சினால் கொட்ட வேண்டும். திறந்த பெட்டாடின் பாட்டிலுக்கு உங்கள் ஆஸ்பத்திரியில் விதி இருந்தால் அதன்படி நடங்கள். இல்லையென்றால் ஒரு வாரத்துக்கு மேல் வைக்காமல் இருப்பது பாதுகாப்பு.

டிரெஸ்ஸிங் ட்ராலியில் ஸ்பிரிட்டில் ஊறிய பஞ்சு டப்பாவைப் பாருங்கள். காலையில் ஊற்றியது, பத்து முறை திறந்து மூடியாகிவிட்டது. சித்திரை வெயிலில் ஆல்கஹால் பறந்து, மாலையில் மிஞ்சுவது ஈரப் பஞ்சுதான். தேவைக்கு அப்போதைக்கப்போது நனைத்துக்கொள்ளுங்கள். கிருமி நீக்கிய சாமானை எடுக்கும் நீள இடுக்கியான 'சீட்டில்' ஃபோர்செப்ஸை லோஷன் ஜாடிக்குள் நிறுத்தி வைக்கிற வழக்கமும் இப்படித்தான். ஆட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியில் கிருமி நீக்கிய) காய்ந்த ஜாடியில் காய்ந்த ஃபோர்செப்ஸ், குறைந்தது ஷிஃப்டுக்கு ஒன்று.

ஸ்பிரிட் 70% ஏன், 100% ஆனால் இன்னும் நல்லதில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. கிருமியின் புரதத்தைக் குலைக்க ஆல்கஹாலுக்குத் தண்ணீர் துணை வேண்டும். தண்ணீரே இல்லாவிட்டால் வேலை மந்தம்.

கை

தியேட்டருக்குள் நுழைந்ததும் சாதாரண சோப்பில் கை கழுவி, நகத்தடியைச் சுத்தம் செய்யுங்கள். மோதிரம், வளையல், வாட்ச் வெளியே. பிறகு இரண்டு வழிகளில் ஒன்று. மருந்து சோப்பால் ஸ்க்ரப் செய்வதானால் 2 முதல் 5 நிமிடம், விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, கையை உயர்த்திப் பிடித்து தண்ணீர் முழங்கை வழியாக வடியும்படி. பிரஷ்ஷால் தோலைத் தேய்க்காதீர்கள். தோல் உரிந்தால் கிருமி கூடும்.

ஆல்கஹால் ஹேண்ட் ரப் என்றால் கை முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், ஈரக் கையில் ஊற்றினால் மருந்து நீர்த்துவிடும். இடது உள்ளங்கையில் சுமார் 5 மில்லி. வலது விரல் நுனிகளை அதில் ஐந்து வினாடி முக்கி, பிறகு வலது முன்கையில் முழங்கை வரை சுற்றிச் சுற்றித் தேய்த்துக் காயவிடுங்கள். அடுத்த 5 மில்லி மறுகைக்கு. மூன்றாவது 5 மில்லி மணிக்கட்டு வரை இரு கைகளுக்கும். கட்டை விரலும் விரல் இடுக்கும்தான் பெரும்பாலும் விட்டுப்போகும். ஸ்க்ரப் செய்து உடனே அதன்மேல் ரப்பும் போடுவது தேவையில்லை. பகுதியில் தண்ணீர் நம்பிக்கையில்லை, மேல்தொட்டி கழுவி எவ்வளவு நாளாயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை என்றால், ஹேண்ட் ரப்தான் மேல்.

சொந்தமாக ஹேண்ட் ரப் தயாரிக்கும் ஆஸ்பத்திரிகளுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 10 லிட்டர் கணக்கு இது: 96% எத்தனால் 8,333 மில்லி, 3% ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மில்லி, 98% கிளிசரால் 145 மில்லி, மீதிக்கு காய்ச்சி ஆறிய தண்ணீரோ டிஸ்டில்டு வாட்டரோ. கலந்த அன்றே எடுத்துவிடக் கூடாது, 72 மணி நேரம் மூடி வைக்க வேண்டும். ஆல்கஹாலிலோ பாட்டிலிலோ இருக்கும் வித்துகளைப் பெராக்சைடு அழிக்க அவ்வளவு நேரம் வேண்டும். இதைப் பார்மசியில், அனுமதியோடு, நெருப்பு இல்லாத இடத்தில்தான் செய்ய வேண்டும். வார்டு மேஜையில் வைத்துச் செய்கிற வேலை அல்ல.

பூசும் முறை

1. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். ஒருவர் குறித்துக்கொள்ளட்டும்.

2. பூசும் பரப்பு கீறலைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். கீறலை நீட்ட வேண்டி வரலாம், டிரெய்ன் (கசிவை வெளியேற்றும் குழாய்) வைக்க வேண்டி வரலாம். வயிறு திறக்கும் ஆபரேஷன் என்றால் மார்புக் காம்பு மட்டத்திலிருந்து தொடையின் நடு வரை, பக்கவாட்டில் மேஜை தொடும் இடம் வரை.

3. தொப்புளைத் தனிப் பஞ்சால் முதலில் சுத்தம் செய்து, அந்தப் பஞ்சைத் தூக்கிப் போடுங்கள். பிறகே மற்ற இடம்.

4. பெட்டாடின் என்றால் கீறல் கோட்டில் தொடங்கி வெளிநோக்கிச் சுற்றிக்கொண்டே போங்கள். ஓரத்துக்குப் போன காஸ் துணி மறுபடி நடுவுக்கு வரக்கூடாது, புதிய காஸ் எடுங்கள். குறைந்தது இரண்டு பூச்சு. ஆல்கஹால் குளோர்ஹெக்சிடின் என்றால் முன்னும் பின்னுமாக அழுத்தித் தேய்க்க வேண்டும். உலர்ந்த தோலில் 30 வினாடி, தொடையிடுக்கு, அக்குள் போன்ற ஈரமான இடத்தில் 2 நிமிடம். புண், சீழ் வடியும் துளை, ஸ்டோமா (வயிற்றில் குடலுக்காக வைத்த திறப்பு), ஆசனவாய் ஆகியவை கடைசியில்.

5. காயவிடுங்கள். ஒற்றி எடுக்காதீர்கள், விசிறாதீர்கள், டவலால் துடைக்காதீர்கள். குறைந்தது மூன்று நிமிடம்.

இந்த ஐந்தாவதில்தான் சண்டை வரும். லிஸ்டில் ஆறு கேஸ் இருக்கிறது, சர்ஜன் கவுன் போட்டுக் கையைக் கூப்பி நிற்கிறார், யாரோ ஒருவர் ஸ்பாஞ்சால் துடைத்துவிட்டு டிரேப்பை (கீறலைச் சுற்றி மூடும் துணி) போடச் சொல்கிறார். அயோடின் கிருமியைக் கொல்வது மெதுவாக அது வெளிப்படும் அந்த நிமிடங்களில்தான், துடைத்தால் நிறம் மட்டும் மிஞ்சும். பெட்டாடின் போட்டு அதன்மேல் ஸ்பிரிட்டால் துடைக்கிற வழக்கமும் பல தியேட்டர்களில் உண்டு. அதில் அயோடினும் போகும், தீ அபாயமும் சேரும்.

ஆல்கஹாலுக்குக் காத்திருப்பதில் உயிர்ப் பிரச்சினையே இருக்கிறது. ஈரம் காயாமல் டிரேப் போட்டால் ஆவி உள்ளேயே தேங்கும், டயதர்மி (மின்சாரத்தால் சதையை வெட்டி ரத்தத்தை நிறுத்தும் கருவி) பொறி பட்டதும் பிடித்துக்கொள்ளும். ஆல்கஹால் தீ நீல நிறத்தில் மங்கலாக எரியும், தியேட்டர் விளக்கில் கண்ணுக்கே தெரியாது. முடி அடர்ந்த இடத்தில் காய ஒரு மணி நேரம் வரைகூட ஆகலாம், அங்கே ஆல்கஹால் கலந்ததைத் தவிர்ப்பதே புத்தி. முதுகுக்கு அடியில், தொப்புளில், ரத்த ஓட்டத்தை நிறுத்தக் கட்டும் டூர்னிகே பட்டைக்குள், டயதர்மி பிளேட்டைச் சுற்றி மருந்து தேங்காமல் முன்கூட்டியே துணி சொருகி, பூசி முடித்ததும் அந்த ஈரத் துணியை உருவிவிடுங்கள். பட்டைக்குள் தேங்கிய பெட்டாடின் தோலைப் புண்ணாக்கும். பிறகு பார்ப்பவர்கள் அதை டயதர்மி சூடு என்று நினைப்பார்கள்.

இன்னொன்று: நிறமில்லாத குளோர்ஹெக்சிடின் கிண்ணமும் சலைன் கிண்ணமும் ஒரே ட்ராலியில் பக்கத்தில் இருக்கக் கூடாது. சலைன் என்று நினைத்து ஊசியில் ஏற்றிய விபத்துகள் உலகத்தில் நடந்திருக்கின்றன. நிறம் சேர்த்ததை வாங்குங்கள். பூசி முடித்ததும் கிண்ணத்தை ட்ராலியிலிருந்தே அப்புறப்படுத்துங்கள். முதுகில் ஸ்பைனல் போடும்போது இது இன்னும் கறாராக இருக்க வேண்டும்.

எங்கே எது கூடாது

கண், காதின் உட்பகுதி, மூளை மற்றும் தண்டுவட உறைகள் ஆகிய இடங்களில் குளோர்ஹெக்சிடின் படக்கூடாது. கருவிழியைக் கெடுக்கும், கேட்கும் திறனைப் பறிக்கும். 1976-இலிருந்து அரவிந்த் கண் மருத்துவமனையால் பெயர் பெற்ற ஊர் இது, கண் தியேட்டருக்கு மாறிப் போகும் நர்ஸுகள் இங்கே அதிகம். அவர்கள் மனதில் பதிக்க வேண்டியது: கண்ணுக்குள் விடுவது 5% போவிடோன் அயோடின் கரைசல், மரப்பு மருந்து விட்ட பிறகு, மூன்று நிமிடம். 7.5% ஸ்க்ரப் அல்ல. ஸ்க்ரப்பில் சோப்பு நுரை இருக்கிறது, கருவிழிக்கு ஆபத்து. இரண்டு பாட்டிலும் ஒரே நிறம், ஒரே மாதிரி மூடி. வேறு வேறு அலமாரியில் வையுங்கள்.

சிசேரியனுக்கு முன் பிறப்புறுப்பின் உட்பகுதியைச் சுத்தம் செய்ய போவிடோன் அயோடின் கரைசல்தான், ஆல்கஹால் கலந்த எதுவும் அங்கே கூடாது. குறைமாதக் குழந்தையின் தோலில் ஆல்கஹால் குளோர்ஹெக்சிடின் சூடுபட்டது போலப் புண்ணாக்கும். பச்சிளம் குழந்தைக்கு அயோடின் அதிகம் பூசினால் தைராய்டு பாதிக்கும். இரண்டிலும் டாக்டரைக் கேட்டே செய்யுங்கள். "இறால், நண்டு எனக்கு ஒத்துக்காது" என்று நோயாளி சொன்னால் பெட்டாடின் கூடாது என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அந்த அலர்ஜிக்கும் அயோடினுக்கும் சம்பந்தமில்லை. முன்பு பெட்டாடினோ குளோர்ஹெக்சிடினோ பட்டுத் தடித்ததா, மூச்சு முட்டியதா என்று நேராகக் கேளுங்கள்.

தோலுக்கு அல்ல, சாமானுக்கு

ஹைப்போகுளோரைட் தரைக்கு. ரத்தம் சிந்திய இடத்துக்கு 1% வேண்டும் என்றால் 5% கரைசலில் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. வெயிலில் வைத்தால் வீரியம் போகும்.

குளூட்டரால்டிஹைடு லாப்ரோஸ்கோப்பி சாமானுக்கு. இதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. இருபது நிமிடம் முக்கி எடுத்தால் ஸ்டெரைல் (முற்றிலும் கிருமியற்றது) ஆகாது, அதற்குப் பத்து மணி நேரம் வேண்டும். அப்படி எடுத்ததையும் குழாய்த் தண்ணீரில் அலசினால் அந்தத் தண்ணீரில் இருக்கும் காசநோய்க் கிருமிக் குடும்பத்தைச் சேர்ந்த வேறு கிருமிகள் போர்ட் துளை (சாமான் நுழைக்க வயிற்றில் போடும் சின்னத் துளை) வழியாக உள்ளே போகும். வாரக் கணக்கில் ஒன்றும் தெரியாது. துளை ஆறிய பிறகு அங்கே கட்டி, பிறகு தண்ணீர் போன்ற கசிவு. சாதாரண கல்ச்சரில் எதுவும் வளராது, சாதாரண ஆன்டிபயாடிக்கும் கேட்காது. ஆட்டோகிளேவ் தாங்கும் சாமானை ஆட்டோகிளேவில்தான் போட வேண்டும். தாங்காததை நன்றாகப் பிரித்துக் கழுவி, பிறகு முக்கி, ஸ்டெரைல் தண்ணீரில் அலசுங்கள்.

ஆன்டிசெப்டிக்கால் ஆகாதவை

தோலின் முடிக்கால்களுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியை எந்தப் பூச்சும் முழுதாக எட்டாது. அதற்குத்தான் கீறலுக்கு முன் ஒரு டோஸ் ஆன்டிபயாடிக். செஃபசோலின் என்றால் 2 கிராம், கீறலுக்கு முந்தின 60 நிமிடத்துக்குள், டூர்னிகே ஏற்றுவதற்கு முன். ஆபரேஷன் நான்கு மணி நேரம் தாண்டினால் இன்னொரு டோஸ். முடிந்த பிறகு ஐந்து நாள் ஊசி, பத்து நாள் மாத்திரை என்று நீட்டுவது தொற்றைக் குறைப்பதில்லை. சர்க்கரை 200-க்கு மேல் போகாமலும், உடம்புச் சூடு 36 டிகிரிக்குக் கீழே இறங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே வெயில் கொளுத்துகிறது என்று ஏ.சி.யைத் தாழ்த்தி வைத்துவிட்டு, மேஜையில் கிடப்பவர் போர்வையில்லாமல் நடுங்குவதை யாரும் கவனிப்பதில்லை.

தையலுக்குப் பிறகு

முதல் 48 மணி நேரம் கட்டைத் தொடாதீர்கள். நனைந்தாலோ ரத்தம் கசிந்தாலோ மட்டும் மாற்றலாம், அப்போதும் ஸ்டெரைல் சலைன் போதும். தையல் சேர்ந்த சுத்தமான காயத்துக்குத் தினமும் பெட்டாடின் தேவையில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு ஆறுகிற சதையையே அரிக்கும். ஆன்டிபயாடிக் பவுடர் தூவுவதும் வேண்டாம். 48 மணி நேரத்துக்குப் பிறகு மேலே தண்ணீர் விட்டுக் குளிக்கலாம், கண்மாயிலோ கிணற்றிலோ இறங்கக் கூடாது.

டிஸ்சார்ஜ் அன்று சொல்ல வேண்டியதை நோயாளியிடம் மட்டும் சொன்னால் போதாது, வீட்டில் கட்டுப் போடப் போகிறவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். தையல் மேல் விபூதி, மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சிவப்பு பரவுவது, சூடு, குறையாமல் கூடுகிற வலி, சீழ், வாய் பிளப்பது, காய்ச்சல், இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே வர வேண்டும். முப்பதாம் நாள் ஒரு போன் போடுங்கள். ஊர் மெடிக்கல் ஷாப்பில் ஊசி போட்டு அடங்கிய சீழ் அந்தப் போனில்தான் தெரியவரும்.

தியேட்டர் ரிஜிஸ்டரில் ஐந்து கட்டம் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள்: எந்த ஆன்டிசெப்டிக், பாட்டிலின் பேட்ச் எண்ணும் திறந்த தேதியும், பூசி முடித்த நேரம், கீறிய நேரம், ஆன்டிபயாடிக் போன நேரம். ஒரே வாரத்தில் இரண்டு தையல் சீழ் பிடித்தால் முதலில் அந்தக் கட்டங்களைப் பாருங்கள். பேட்ச் ஒன்றாக இருந்தால் அந்தப் பாட்டில்களை உடனே ஒதுக்கி, மாதிரியை மைக்ரோபயாலஜிக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது உள்ளே இருப்பது என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தெரிந்தால்தான் அதன் வீரியத்தை முறிக்கும் நியூட்ரலைசர் சேர்த்து வளர்த்துப் பார்ப்பார்கள். எழுதாமல் அனுப்பினால் பாட்டிலில் கிருமி இருந்தும் "வளர்ச்சி இல்லை" என்று ரிப்போர்ட் வந்துவிடலாம்.